உப்பு விழுந்த பேட்டரி

— கிட்டப் போகாத அன்னக்கொடி. எட்ட நின்னே மோந்து பாரு. என்ன வாடை வருது?

— எனக்கு என்னத்தத் தெரியும் தாவூதண்ணே. ஆசிட்டு வாடையாத்தான் இருக்கும்.

— ஆசிட்டு வாடை எனக்குத் தெரியாதா தங்கச்சி? பன்னெண்டு வருசமா இந்த டூரிங் டாக்கீஸுக்கு எஞ்சின் ஓட்டுறேன். பேட்டரிக்கு சார்ஜ் போட்டுப் போட்டே என் கைலியெல்லாம் பொத்தல். இது அந்த வாடை இல்ல. போன வருசம் வாடிப்பட்டியில காலரா வந்தப்ப கெணத்துக்குக் கெணறு ஒரு வெள்ளைப் பொடி போட்டாகளே, அந்த வாடை.

— மழையில கெடந்ததுனால இருக்கும்ணே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் அவுக மோட்டார் சைக்கிள் கொட்டகையிலயே கெடந்துச்சு. வைக்கோலப் போட்டு மூடி வச்சிருந்தோம். தையி பொறந்து எடுத்துப் பாத்தா உசுரு இல்ல.

— மழைக்குக் கெடந்த பேட்டரி நான் எம்புட்டோ பாத்திருக்கேன். தகட்டுல வெள்ளை பூத்திருக்கும், தண்ணி வத்தியிருக்கும். மழைத்தண்ணியப் பிடிச்சு ஊத்தி, கொஞ்சங் கொஞ்சமா கரண்டு விட்டு ரெண்டு நாள் வச்சா, பாதிக்குப் பாதி எந்திரிச்சிரும். விசயம் என்னன்னா, இது தானா மவுத்தாகல. யாரோ சாகடிச்சிருக்காக.

— பேட்டரியப் போயி யாருண்ணே சாகடிக்கப் போறா?

— உப்பு தங்கச்சி. உப்பு விழுந்த பேட்டரிய சார்ஜ்ல போட்டாத்தான் இந்த வாடை கெளம்பும். நேத்து ரெண்டாவது ஆட்டம் பாதி ஓடுது, எஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கேன், தொண்டையப் பிடிச்சிருச்சு. கம்பியக் கழட்டி விட்டுட்டு இதைத் தூக்கி வெளிய வச்சேன். இனி இதைக் குப்பையிலதான் போடணும்.

— அப்ப வண்டி ஓடாதா?

— இதை வச்சு ஓடாது. உன் புருசன் வண்டி பேட்டரி இல்லாட்டி பொறி பறக்காத வகை. பத்துப் பேரு சேந்து தள்ளுனாலும் எடுக்காது.

— இன்னிக்கு நாலு மணிக்குள்ள மதுரை ஸ்டேஷன்ல இருக்கணும்ணே அவுக. மூணு மாச லீவு இன்னியோட சரி. ஸ்டேஷன்ல பட்டாள ஆபீசர் ஒருத்தர் மேசையப் போட்டு உக்காந்திருப்பாராம். அவருட்டப் பேரைப் பதிஞ்சாத்தான் பர்மாப் பக்கம் போற ரயில்ல ஏத்துவாகளாம். பதியாட்டி ஓடிப்போனவன்னு எழுதிருவாகளாம்.

— தெரியும். அதான் கேக்குறேன். உப்புப் போட்டது யாரு?

— சின்னப் புள்ளைக எதாச்சும் வெளையாட்டா...

— உங்க வீட்டுல சின்னப் புள்ள ஏது?

— அக்கம் பக்கத்துல இல்லையா?

— பேட்டரியில மூணு குழி, மூணுக்கும் திருகுமூடி. அதுலயும் கை தொட்டா பொத்துப் போற ஆசிட்டு. சின்னப் புள்ளைக போட்டிருந்தா இந்நேரம் ஊரே கேக்க அழுதிருக்கும். உன் வலது கையில அந்தக் கொப்புளத் தழும்பு எப்ப வந்துச்சு தங்கச்சி?

— அது சோறு வடிக்கையில கஞ்சி பட்டுருச்சு.

— கஞ்சி பட்டா தோலு உரியும். இப்பிடிக் குழி விழாது. என் கையப் பாரு. இந்தா, இதுவும் இதுவும் ஒண்ணுதான்.

— அவுககிட்டச் சொல்லிறாதீகண்ணே. ஒங்களக் கும்புடுறேன். மழையில செத்துப்போச்சுன்னு சொல்லுங்க.

— எனக்கு ஆத்திரமா வருது அன்னக்கொடி. என் மகன் பக்கீரும் அங்கதான் லாரி ஓட்டுறான். பதினாலு மாசமாக் காயிதம் இல்ல. அவன் ஹயாத்தா இருக்கானா மவுத்தாப் போயிட்டானான்னு எங்க வீட்டுல தெனம் தொழுகைக்கு உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கறா. அவனுக்கு மூணு மாசம் லீவு யாரு குடுத்தா? உன் புருசனுக்குக் குடுத்தாக. வந்தான், நல்லா இருந்தான். இப்பப் போகக் கூடாதுன்னு நீ உப்பைப் போடுற.

— போகக் கூடாதுன்னா இந்தக் கனத்தக் கூடையில வச்சுத் தலைச்சுமையா ரெண்டு மைலு தூக்கியாந்து ஒங்ககிட்டக் குடுப்பேனா?

— அதான் எனக்கும் வெளங்கல. சாகடிச்சவளே ஏன் வைத்தியம் பாக்க வந்தா?

— எங்க தெருவு சீனியம்மா மகன் காளையத் தெரியும்ல ஒங்களுக்கு?

— பட்டாளத்துக்குப் போன பய. கேள்விப்பட்டேன்.

— லீவு முடிஞ்சும் போகாம நெல்லுக் கொட்டி வைக்கிற குலுக்கைக்குள்ள ஒளிஞ்சுகெடந்தான். ஆறு நாளு. சீனியம்மா மேல இருந்து கயித்துல கட்டி கஞ்சி எறக்குவா. பொங்கலுக்கு நாலு நாள் முந்தி போலீசு வந்து குலுக்கைய ஒடைச்சு இழுத்தாக. ஒடம்பெல்லாம் தூசி, வெளிச்சத்துல கண்ணத் தொறக்க முடியல அவனால. ரெண்டு கையவும் சேத்துக் கயித்துல கட்டி, கயித்த சைக்கிள்ல கட்டி, ஓட ஓட இழுத்துட்டுப் போனாக. அந்தக் கழுதைப்பய என்னையப் பாத்து, அக்கா தண்ணின்னான். குடுக்க விடல.

— யா அல்லா.

— உப்புப் போட்டது மார்கழியில. காளையக் கட்டி இழுத்தது அதுக்குப் பெறகு. அன்னியில இருந்து எனக்குச் சோறு எறங்கல. நான் செஞ்சதுக்கு அவுக கையில கயிறு விழுந்துருமோன்னு கெடந்து தவிக்கிறேன். எதாச்சும் செய்யுங்கண்ணே. மதுரை போயிச் சேர்ற வரைக்கும் அது ஓடுனாப் போதும்.

— பஸ்ஸு?

— கரியில ஓடுற பஸ்ஸு அச்சு முறிஞ்சு சமயநல்லூர்ல நிக்குதாம். பகல் ரயில யுத்தத்துக்குன்னு நிப்பாட்டிட்டாக. மாட்டுவண்டி இப்பக் கெளம்புனாலும் பதினாறு மைலு, நாலு மணிக்குப் போகாது.

— பொறு. யோசிக்க விடு. ... படத்துல பேச்சுச் சத்தம் வர்றதுக்கு ஒரு பெட்டி இருக்கு. அதுக்குன்னு தனியா ஒரு பேட்டரி போட்டிருக்கோம். ஆறு வோல்ட்டு. உங்க வண்டிக்கும் ஆறுதான்.

— அதைக் குடுத்துட்டா?

— இன்னிக்கு ஆட்டம் ஊமைப்படம்தான். முதலாளி என்னைய வேலையில வச்சுக்குவாரான்னு தெரியல. அது என் பாடு. விசயம் என்னன்னா, நான் சும்மா குடுக்கல தங்கச்சி. அவன் அங்க போயி என் மகனத் தேடணும். பக்கீர் முகமது, ஷேக் தாவூது மகன், லாரி டிரைவர், மதுரை ஜில்லா. இருக்கான் இல்ல, ரெண்டுல ஒரு பதிலு எனக்கு வேணும். நீ வீட்டுக்கு நட. நான் கழட்டிக்கிட்டு சைக்கிள்ல வாரேன்.

*

— என்ன அன்னம், கையை வீசிட்டு வார? பேட்டரி எங்க?

— செத்துப்போச்சு மாமா. ரெண்டு ராத்திரி சார்ஜ் போட்டும் ஏறலையாம்.

— நெனச்சேன். மழைக்காலத்துல அதைக் கழட்டித் தனியா வச்சிருக்கணும், நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். சரி. நம்ம என்ன செய்ய முடியும்? வண்டி ஓடல, பஸ்ஸு ஓடல, ரயிலு ஓடல. அம்புட்டுத்தான்.

— என்ன மாமா, அம்புட்டுத்தான்னு உக்காந்துட்டீக? காலையில இருந்து உடுப்பு கூட மாட்டல.

— எங்க போறதுக்கு மாட்டச் சொல்ற? கால் புண்ணு வேற நேத்து ராத்திரி தெறிச்சுச்சு.

— புண்ணு ஆறித் தோலு வந்து ஒரு மாசமாச்சு. நான்தான மருந்து வச்சேன்.

— உள்ள வலிக்கிறது உனக்குத் தெரியுமா?

— தெரியாது. அதை ஆபீசர்ட்டக் காட்டுங்க. ஆனா போயித்தான் காட்டணும். வீட்டுல உக்காந்து காட்ட முடியாது.

— நாளைக்குப் பஸ்ஸு சரியாயிரும். நாளைக்குப் போயி, வண்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னா கேட்டுக்குவான். பேட்டரி செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? பட்டாளத்துலயே தெனம் பத்து வண்டி நிக்கும்.

— காளையும் நாளைக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னுதான் சொன்னானாம். சீனியம்மா சொல்லி அழுதா.

— காளைப் பேச்சை எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது? நீங்க அன்னிக்கு மதுரைக்குப் போயிருந்தீக. பாத்தவ நான்.

— எடுக்காதன்னா எடுக்காத புள்ள.

— சரி. எடுக்கல. எந்திரிச்சு முகத்தக் கழுவுங்க. தாவூதண்ணே வேற பேட்டரி கொண்டாராக. டாக்கீஸ்ல இருக்கறதக் கழட்டிட்டு வாராக.

— யாரு கொண்டாரச் சொன்னா?

— நான்தான்.

— உன்னைய யாரு கேக்கச் சொன்னா? ரெண்டு ராத்திரி சார்ஜ் போட்டுப் பாரு, ஏறாட்டி விட்டுருன்னு தான சொல்லி அனுப்புனேன்? ஊரான் பேட்டரிய வாங்கி வண்டியில மாட்டி அது நடுவழியில நின்னா யாரு பதில் சொல்றது?

— எதுக்கு இம்புட்டுக் கோவப்படுறீக?

— கோவம் இல்ல. கணக்காச் சொல்றேன். அந்த வண்டிக்கு அந்தப் பேட்டரிதான் சேரும். பசுமலை வெள்ளைக்காரப் பாதிரியார் கப்பலேறையில வண்டிய என் கையில குடுத்தப்ப என்ன சொன்னாரு? கண்டதை மாட்டாத விருமாண்டி, காயில் எரிஞ்சுபோகும்னாரு.

— எரிஞ்சா மதுரைக்குப் போயி எரியட்டும்.

— நான் போறதுல உனக்கு அம்புட்டு அவசரமா?

— என்ன பேச்சு மாமா இது?

— கேக்குறேன். ஒவ்வொரு பொண்டாட்டியும் போகாதன்னு காலப் பிடிப்பா. நீ பேட்டரிக்கு ஊரெல்லாம் அலையிற.

— அழுதா கண்ணு கலங்கி நீங்க உடுப்பு மாட்டுறதப் பாக்க முடியாது. அதான் அழுகாம நிக்கிறேன். அந்தா சைக்கிள் மணி கேக்குது. எந்திரிங்க.

*

— வா மாப்ள, பிடி ஒரு கை. கனம் ஜாஸ்தி. வண்டியில இருக்கற பெட்டிக்குள்ள இது நொழையாது. பின்னாடி கேரியர்ல வச்சுக் கயித்தப் போட்டுக் கட்டிரலாம். தங்கச்சி, நல்ல தேங்காக் கயிறாப் பாத்து எடுத்தா.

— தாவூதண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? இது இல்லாட்டி ஒங்க முதலாளி சும்மா விடுவாரா?

— சிரமமெல்லாம் சிரமப்பட்ட பெறகு பேசுவோம். சிவப்புக் கம்பிய இந்தப் பக்கம் குடு. பெட்ரோல் எம்புட்டு வச்சிருக்க?

— ஒரு காலன் இருக்கு. ஆனா மழைக்கு முந்திப் பிடிச்சது. கெட்டுப் போயிருக்கும்.

— கெடல. நல்ல வாடைதான் வருது. பிளக்கக் கழட்டித் தா. ... கரி ஏறியிருக்கு, உப்புத்தாள் கொண்டு தேச்சாச் சரியாயிரும். என்ன மாப்ள, உப்புத்தாள்னதும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறீக?

— ஒண்ணுமில்லண்ணே. இந்தாங்க கயிறு.

— நான் மனசுல வச்சுக்கறவன் இல்ல தங்கச்சி. சொல்ல வேணாம்னு நீ சொன்ன, சொல்லாமத்தான் வந்தேன். ஆனா இவன் மூஞ்சியப் பாத்தா எதோ தெரிஞ்ச மாதிரி இருக்கு. மாப்ள, உன் பேட்டரியில உப்பு விழுந்திருக்கு.

— அண்ணே, வேணாம்.

— கெணத்துத் தண்ணி. நான்தாண்ணே ஊத்துனேன்.

— நீயா மாப்ள?

— ஆமா. கார்த்திகையில ஒரு நா தொறந்து பாத்தேன், தண்ணி கம்மியா இருந்துச்சு. சோம்பல்ல கெணத்துத் தண்ணிய ஊத்திட்டேன். எங்க கெணறு உப்புக் கெணறு. அம்புட்டுத்தான் விசயம். அவள ஒண்ணும் கேக்காதீக.

— பட்டாளத்துல ரெண்டு வருசம் மோட்டார் சைக்கிள்ல காயிதம் கொண்டுபோனவன் பேட்டரிக்குக் கெணத்துத் தண்ணி ஊத்துவானா?

— ஊத்துனேன்னு சொல்றேன்ல. பெறகு என்ன?

— சரி மாப்ள. ஊத்துன. பிளக்க மாட்டியாச்சு. மிதி. ... இன்னும் அழுத்தி மிதி. பட்டாளத்துல இப்பிடித்தான் பூப்போல மிதிப்பாகளா?

— கால் வலிக்குதுண்ணே.

— எந்திரி, நான் மிதிக்கிறேன். ... ஒண்ணு. ... ரெண்டு. ... கார்ப்பரேட்டருக்கு பெட்ரோல் வருதா பாரு தங்கச்சி, அந்தக் குழாய் நுனியில. வருதா? ... மூணு.

— பொகை வருதுண்ணே.

— வரட்டும். பிடிச்சிருச்சு. கேளு, சத்தத்தக் கேளு, மூணு மாசம் தூங்குன மாதிரியா இருக்கு? மாப்ள, ஏறு.

— கொஞ்சம் சூடாகட்டும்.

— சூடாயிருச்சு. மணி ஒண்ணே முக்கால்.

— பின் டயர்ல காத்துப் போதாது.

— கையால அமுக்கிப் பாத்தேன். போதும்.

— சங்கிலி தொங்குது.

— விருமாண்டி, என் மூஞ்சியப் பாரு. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் என் பொழைப்பையே கழட்டி உன் வண்டியில கட்டியிருக்கேன். அங்க போனா என் மகனத் தேடு. செத்துட்டான்னா செத்துட்டான்னு எழுது. அவன் அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். தெரியாம இருக்கறதுதான் எங்களால முடியல.

— எழுதறேண்ணே.

— எழுதுவியா?

— எழுதறேன்னு சொல்றேன்ல.

— ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல என் மச்சான் சைக்கிள் கடை வச்சிருக்கான். வண்டிய அவன்கிட்ட விட்டுட்டுப் போ. பேட்டரிய நான் நாளைக்கு வந்து கழட்டிக்கிறேன். இப்ப டாக்கீஸுக்குப் போகணும், டிக்கெட்டுக்கு ஆளு வர்றதுக்குள்ள முதலாளிகிட்ட எதாச்சும் பொய் சொல்லணும். வாரேன் தங்கச்சி. எஞ்சினை நிப்பாட்டாதீக, நின்னா மறுபடி என்னால மிதிக்க முடியாது.

*

— அவரு போயாச்சு மாமா. உடுப்பு மாட்டியாச்சு. மூட்டை கட்டியாச்சு. இன்னும் வண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்பிடி?

— நான் போகல அன்னம்.

— சத்தத்துல சரியாக் கேக்கல.

— கேட்டுச்சு உனக்கு. நான் போகல.

— ஏன்?

— ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. ஒரு காயிதம் கொண்டுபோனேன். மழைக்கு முந்தி, வைகாசியில. பர்மா எல்லையில ஒரு மேடு. அதுல அம்பது பேரு. பூராம் நம்ம பக்கத்து ஆளுக, தமிழ்தான் பேசுனாக. ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு விடியப் போயிச் சேந்தேன். மூட்டை முடிச்சைக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. பின்வாங்கச் சொல்லி ஆர்டர் வந்திருச்சுன்னு என்னையப் பாத்ததும் அவுகளுக்குச் சந்தோசம். ஹவில்தார் தேத்தண்ணி குடுத்துட்டுத்தான் காயிதத்தப் பிரிச்சாரு.

— என்ன எழுதியிருந்துச்சு?

— இருக்கற எடத்துலயே இருங்கன்னு. அவரு படிச்சாரு, மடிச்சாரு, பையில வச்சாரு. மூட்டைய அவுங்கடான்னாரு. எல்லாரும் அவுத்தாக. ஒருத்தன் கூட என்னையத் திட்டல. நான் நாலு மைலு திரும்பி வர்றதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. கால்ல அடிபட்டது கூட அந்தச் சத்தத்துல திரும்பிப் பாத்து பள்ளத்துல விழுந்ததுனாலதான். குண்டு படல. எல்லார்ட்டயும் குண்டுன்னு சொல்லியிருக்கேன்.

— அந்த அம்பது பேரு?

— ஆஸ்பத்திரியில கேட்டேன். யாரும் பதில் சொல்லல. அந்தத் தேத்தண்ணி இன்னும் என் தொண்டையில நிக்குது. இப்பப் போனா மறுபடி காயிதத்தக் குடுப்பாக. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்ல மாட்டாக. நான் கொண்டுபோயிக் குடுக்கணும்.

— மூணு மாசமா ஒரே பாயில படுத்துருக்கோம். இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?

— சொன்னா நீ போகாதன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் நின்னுருவேன்.

— இப்ப நான் என்ன சொல்லட்டும்?

— நீ சொல்லு.

— காளை கண்ணத் தொறக்க முடியாம வெளிச்சத்துல நின்னான் மாமா. எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது. நீங்க நின்னா குலுக்கைக்குள்ளதான் நிக்கணும். நான் கயித்துல கட்டிக் கஞ்சி எறக்கணும். அப்புறம் ஒரு நா ஒடைப்பாக. எத்தனை வருசம் உள்ள போடுவாகன்னு யாருக்குத் தெரியும்.

— அங்க போனா?

— அங்க போனா ஆபீசர்ட்ட அந்தக் காலக் காட்டுங்க. காயிதம் கொண்டுபோக முடியாது, கால்ல தெம்பு இல்லன்னு சொல்லுங்க. வண்டி பழுது பாக்கத் தெரியும், பட்டறையில போடுங்கன்னு கேளுங்க. காலப் பிடிச்சாச்சும் கேளுங்க. எனக்காகக் கேளுங்க. தாவூதண்ணே மகன் லாரி ஓட்டுறவன், லாரியெல்லாம் பட்டறைக்குத்தான வரும். அங்க இருந்தா அவனையும் தேடலாம்.

— குடுப்பான்னு நெனக்கிறியா?

— தெரியாது. கேக்காம இருந்தா குடுக்க மாட்டான், அதுமட்டும் தெரியும். மணி என்ன?

— ரெண்டே கால்.

— பதினாறு மைலு.

— ஒரு மணி நேரத்துல போயிருவேன். ரோடு நனைஞ்சு கெடந்தாலும் போயிருவேன்.

— அப்ப ஏறுங்க மாமா.

— ஏறிட்டேன். அந்த முள்ளுப் படலைத் தொற.

— தொறக்கறேன். அதுக்கு முந்தி ஒண்ணு. எஞ்சினை நிப்பாட்டாதீக. இந்தச் சத்தம் இருந்தாத்தான் என்னால சொல்ல முடியும்.

— சொல்லு.

— கெணத்துத் தண்ணி ஊத்துனேன்னு சொன்னீகளே. எனக்காக அவருகிட்டப் பழிய ஏத்துக்கிட்டீகளோ, இல்ல நெசமாவே ஊத்துனீகளோ, எனக்குத் தெரியல. ஆனா உப்புப் போட்டது நான். பேட்டரிக்கு மழைத்தண்ணிதான் ஊத்தணும், உப்புப் பட்டாச் செத்துரும்னு நீங்கதான கார்த்திகையில சொல்லித் தந்தீக. அது மனசுல கெடந்துச்சு. மார்கழியில ஒரு மத்தியானம் நீங்க வாடிப்பட்டி போயிருந்தப்ப போட்டேன். ஒரு குழியிலதான் போட்டேன் மாமா. அடுத்த மூடியத் திருகையில கையில ஆசிட்டு பட்டுருச்சு, பயந்து மூடிட்டு ஓடியாந்துட்டேன். உங்க வண்டிய நான் கொன்னுட்டேன். மன்னிச்சுருங்க.

— தெரியும்.

— எப்பத் தெரியும்?

— மறுநாளே. ஒரு மூடியோரத்துல கல்லுப்பு ஒட்டிக்கெடந்துச்சு. உன் கையில துணி சுத்தியிருந்துச்சு.

— பெறகு ஏன் என்னைய ஒரு வார்த்தை கேக்கல?

— ஒரு குழி செத்தா மிச்சம் இருக்கற ரெண்டை வச்சே இந்த வண்டிய நான் எடுத்துருவேன். அது உனக்குத் தெரியாது அன்னம். அதான், அந்த ரெண்டு குழியிலயும் நானே போட்டேன்.